ஜனவரியில் கவாத்து, மே மாதத்தில் பூ: ஊட்டி ரோஜா பூங்காவும் நவீன ரோஜா உருவான விதமும்

உதகமண்டலம் அரசு ரோஜா பூங்காவைப் பற்றி ஆண்டுதோறும் இரண்டு செய்திகள் தவறாமல் வருகின்றன. செடிகளுக்குக் கவாத்துப் பணி தொடங்கிவிட்டது என்பது ஆண்டின் தொடக்கத்தில் வரும் செய்தி. கோடை விழாவையொட்டி ரோஜா கண்காட்சி தொடங்கியது என்பது மே மாதத்துச் செய்தி. இரண்டிலும் ஓர் எண்ணிக்கை இடம்பெறும். ஆனால் அது ஒரே எண்ணாக இருப்பதில்லை. ஒரு குறிப்பில் 20,000 வகை ரோஜாக்கள் என்றிருக்கும். இன்னொன்றில் 2,800 ரகங்கள் என்றிருக்கும். 2,800 ரகங்களைச் சேர்ந்த 20,000 வகைகள் என்று இரண்டையும் ஒட்டவைத்து எழுதியிருப்பதும் உண்டு. இவற்றைப் படிப்பவருக்கு மூன்று கேள்விகள் எழுகின்றன.

1. இந்த எண்கள் எதை எண்ணுகின்றன?

2. ஜனவரியில் குட்டையாக வெட்டி விடப்பட்ட செடி, கண்காட்சி நடக்கும் வாரத்துக்குச் சரியாக எப்படிப் பூத்து நிற்கிறது?

3. பெயர்ப்பலகையில் காணும் ஹைப்ரிட் டீ, புளோரிபண்டா, பாலியாந்தா ஆகிய சொற்கள் எதைக் குறிக்கின்றன?

மூன்றுக்கும் விடை ஒரே வரலாற்றில்தான் இருக்கிறது. அதிலும் இரண்டாம் கேள்வியின் விடை புரிந்துவிட்டால் நவீன ரோஜாவின் வரலாற்றில் பாதி புரிந்ததுபோல.

## பூங்கா

ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை நினைவுகூரும் வகையில் 1995ஆம் ஆண்டு எல்க் ஹில் சரிவில், விஜயநகரம் பகுதியில் இப்பூங்கா அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 4 ஹெக்டேர், அதாவது பத்து ஏக்கர் பரப்புள்ள இது, தமிழ்நாடு தோட்டக்கலைத் துறையின் பராமரிப்பில் உள்ளது. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு, சிறந்த பூங்காக்களுக்கு வழங்கும் விருதை 2006இல் இதற்கு அளித்தது.

சரிவை அடுக்கடுக்காக வெட்டிச் செடி நட்டிருப்பதில் அழகைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு. ரோஜாவுக்கு நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் வேண்டும். அதைவிட முக்கியமாக, வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. நீலகிரி இரண்டு பருவமழைகளையும் பெறும் மலை. சமதளத்தில் இத்தனை செடிகளை நட்டிருந்தால் மழைக்காலத்தில் வேரழுகலோடு போராடுவதே முழுநேர வேலையாகியிருக்கும்.

## எண்ணிக்கைக் குழப்பம்: நான்கு சொற்கள்

வகை என்ற ஒரே சொல்லை நான்கு வெவ்வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துவதால்தான் எண்ணிக்கையில் குழப்பம் வருகிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. செடி. மண்ணில் நிற்கும் ஒவ்வொரு புதரும் ஒரு செடி. 20,000 என்ற எண் செடிகளின் எண்ணிக்கையாக இருந்தால்தான் பொருந்தும். உலகம் முழுவதும் இதுவரை பெயரிடப்பட்ட ரோஜா ரகங்களே முப்பதாயிரத்துக்குச் சற்று மேல்தான் என்று மதிப்பிடப்படுகிறது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு பத்து ஏக்கரில் இருப்பது நடவாத காரியம்.

2. ரகம். ஒரு விதையிலிருந்து முளைத்த ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பெயரிட்டு, குச்சி நட்டோ கண் ஒட்டுக் கட்டியோ பெருக்கினால் அது ஒரு ரகம். ரோஜாவை விதை போட்டு வளர்த்தால் தாயைப் போலப் பிள்ளை வராது. ஒரே காயின் விதைகளில்கூட ஒன்று சிவப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் பூக்கும். ஆகவே ஒரு ரகத்தைச் சேர்ந்த எல்லாச் செடிகளும், அவை எந்த நாட்டில் இருந்தாலும், முதன்முதலில் தேர்ந்தெடுத்த அந்த ஒற்றைச் செடியின் உடல்துண்டுகளே. 2,800 என்பது இந்தப் பொருளில்தான் சரி. ஒரு ரகத்துக்குச் சராசரியாக ஏழு செடி என்பது ஒரு பாத்தியை நிரப்பப் பொருத்தமான அளவும்கூட.

3. வகுப்பு. வளரும் விதம், பூக்கும் விதம், முன்னோர் ஆகியவற்றைக் கொண்டு ரகங்களைத் தொகுப்பது வகுப்பு. ஹைப்ரிட் டீ, புளோரிபண்டா, பாலியாந்தா, மினியேச்சர் போன்றவை வகுப்புகளின் பெயர்கள். இவை சில டஜன்களைத் தாண்டா.

4. சிற்றினம். மனிதர் கைபடாமல் இயற்கையில் காணப்படுவது. ரோசா என்ற பேரினத்தில் ஏறத்தாழ 150 சிற்றினங்கள் உள்ளன. அனைத்தும் பூமியின் வட பாதியைச் சேர்ந்தவை. ஏறத்தாழ எல்லாக் காட்டு ரோஜாக்களுக்கும் ஐந்தே இதழ்கள்.

நீலகிரிக்கும் பழனி மலைக்கும் சொந்தமான ஒரு காட்டு ரோஜா உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரோசா லெஷனோல்தியானா என்பது அதன் பெயர். புதுச்சேரியிலிருந்து தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் நினைவாக வைத்தது. சோலைக்காட்டின் விளிம்பில் மரங்களைப் பற்றி ஏறி, ஐந்து வெள்ளை இதழும் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்களுமாகப் பூக்கும் கொடி. ஊட்டிக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ரகங்களைப் பார்த்துவிட்டு, அந்த மண்ணிலேயே பிறந்த ரோஜாவைப் பற்றி அறியாமலே ஊர் திரும்புகிறார்கள். இது வருந்தத்தக்கது.

## இரண்டு நிலங்களின் ரோஜாக்கள்

சுமார் 150 சிற்றினங்களில், இன்றைய பூங்கா ரோஜாக்களின் பிறப்பில் பங்குகொண்டவை பத்தை ஒட்டியவைதான். அவை இரண்டு பெரும் நிலப்பகுதிகளிலிருந்து வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இரண்டும் சந்திக்கவில்லை.

முதலாவது, ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும். காலிக்கா, ஆல்பா, டமாஸ்க், செண்டிஃபோலியா எனப்படும் பழைய வகுப்புகள் இங்கே வளர்ந்தன. பனியைத் தாங்கும் உறுதி, அடர்ந்த இதழ்கள், ஆழ்ந்த மணம் ஆகியவை இவற்றின் சிறப்பு. பன்னீரும் அத்தரும் வடிக்கும் டமாஸ்க் ரோஜாவின் பிறப்பு நீண்ட காலம் புதிராக இருந்தது. காலிக்கா, மொஸ்காத்தா, மத்திய ஆசியாவின் ஃபெட்சென்கோவானா ஆகிய மூன்று சிற்றினங்களின் கலப்பு அது என்பதை 2000ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையால் காட்டினர். இவ்வளவு சிறப்பிருந்தும் இந்த ரோஜாக்களுக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. இலையுதிர்கால டமாஸ்க் போன்ற ஓரிரண்டைத் தவிர, எல்லாமே ஆண்டுக்கு ஒரு முறை, சில வாரங்கள் மட்டுமே பூத்தன.

இரண்டாவது, சீனா. அங்கே தோட்டங்களில் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்ட ரோஜாக்கள் மெலிந்த தண்டும் குறைவான இதழ்களும் உடையவை. கடும் பனியில் கருகிவிடும். ஆனால் வளர்ச்சிக்கு ஏற்ற வெப்பம் இருக்கும்வரை அவை பூத்துக்கொண்டே இருக்கும். இவற்றோடு ரோசா ஜைகான்டியா என்ற மாபெரும் காட்டுக்கொடி கலந்ததில் டீ ரோஜாக்கள் பிறந்தன. நீண்டு கூர்ந்த மொட்டும், வெளிப்புறம் சுருளும் இதழும் அவற்றின் வழியாக வந்தவை. இந்த ஜைகான்டியா இந்திய மண்ணிலும் வளர்வது. ஜார்ஜ் வாட் 1882இல் மணிப்பூரிலும், ஹென்றி கொலெட் 1888இல் பர்மாவின் ஷான் மலைகளிலும் இதைக் கண்டனர்.

## கவாத்தின் அறிவியல்

இனி இரண்டாம் கேள்விக்கு வரலாம். சாதாரண ரோஜாவில் கேஎஸ்என் எனப்படும் ஒரு மரபணு உண்டு. பூப்பதைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. வசந்தத்தில் அதன் பிடி தளர்கிறது. சென்ற ஆண்டு முற்றிய தண்டில் கிளைக்கும் சிறு கிளைகளில் பூ வருகிறது. பிறகு பிடி மீண்டும் இறுகுகிறது. அந்த ஆண்டு முளைக்கும் புதுத் தளிர்கள் இலையும் தண்டுமாக மட்டுமே நீள்கின்றன.

சீன ரோஜாவில் என்றோ ஒரு நாள் இந்த மரபணுவுக்குள், தாவும் மரபணு எனப்படும் ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டது. அதனால் தடுப்பு செயலிழந்தது. தடுப்பு இல்லாத செடியில் ஒவ்வொரு புதுத் தளிரும் சில இலைகள் விட்டதும் நுனியில் மொட்டு கட்டுகிறது. பூ உதிர்ந்தபின் அதற்குக் கீழுள்ள கணுவிலிருந்து அடுத்த தளிர் கிளம்பி, அதுவும் மொட்டில் முடிகிறது. 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இது உறுதிப்பட்டது.

இதைத் தெரிந்துகொண்டு ஊட்டிக் கவாத்தைப் பாருங்கள். பனிக்காலம் முடியும் தறுவாயில் பழைய கிளைகளை வெட்டிவிட்டால், கீழே உறங்கும் கணுக்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழித்துத் தளிர்விடுகின்றன. ஒவ்வொரு தளிரும் மொட்டில்தான் முடியும் என்பதால், வெட்டும் நாளைக் கணக்கிட்டால் பூக்கும் நாளையும் கணக்கிட்டுவிடலாம். மலைக்குளிரில் இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். சமவெளிப் பன்னீர் ரோஜாத் தோட்டங்களில் ஒன்றரை மாதமே போதும். பழைய ஐரோப்பிய ரோஜா ஒன்றை இதே போல ஜனவரியில் குட்டையாக வெட்டினால், பூ தரவேண்டிய முற்றிய தண்டு முழுவதும் போய்விடும்; அந்த ஆண்டு இலைதான் மிஞ்சும். எனவே மே மாதக் கண்காட்சி என்பதே அந்தச் சீன மரபணுவின் மேல் நிற்கிறது எனலாம்.

## கல்கத்தா, ரீயூனியன், நிலக்கோட்டை

1790களுக்கும் 1824க்கும் இடையே நான்கு சீன ரோஜாக்கள் இங்கிலாந்தை அடைந்தன. கருஞ்சிவப்பில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று, வெளிறிய டீ ரோஜா ஒன்று, வெளிர் மஞ்சள் டீ ரோஜா ஒன்று. கொண்டுவந்தவர்களின், வளர்த்தவர்களின் பெயரால் இவை முறையே ஸ்லேட்டர், பார்சன்ஸ், ஹ்யூம், பார்க்ஸ் ரோஜாக்கள் எனப்பட்டன. சீனத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் வங்கத் துறைமுகங்களில் தங்கிச் சென்றதால், அங்கும் இச்செடிகள் ஊன்றின. பிரெஞ்சுக்காரர்கள் சீன ரோஜாவை நெடுங்காலம் வங்க ரோஜா என்றே அழைத்தனர்.

பாரிசுக்கு அருகே மால்மேசான் மாளிகையில் பேரரசி ஜோசஃபின் 1814இல் தாம் இறக்கும்வரை ரோஜாக்களைத் திரட்டினார். இதைப் பற்றி எழுதப்பட்டது மிகுதி; ஆனால் நவீன ரோஜாவின் பிறப்பில் அதைவிடப் பெரிய பங்கு, இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு சிறு தீவுக்கு உரியது. பின்னாளில் தமிழ்த் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று குடியேறிய ரீயூனியன் தீவுதான் அது. அன்று அதன் பெயர் பூர்போன். அங்கே நிலங்களுக்கு வேலியாகச் சீன ரோஜாவையும் இலையுதிர்கால டமாஸ்க்கையும் நட்டிருந்தார்கள். இரண்டும் தேனீக்களின் தயவால் கலந்து, இடைப்பட்ட தோற்றமுடைய ஒரு புதிய செடி முளைத்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தீவினர் அதை எதுவார் ரோஜா என்றனர். 1817இல் அங்கு வந்த தாவரவியலாளர் பிரெயோன் அதைக் கவனித்து, விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். அவற்றிலிருந்து பூர்போன் ரோஜா என்ற வகுப்பே எழுந்தது.

எதுவார் என்பது எட்வர்டு என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம். தோட்டக்கலை நூல்களில் எட்வர்டு ரோஜா என்று குறிக்கப்படுவது தமிழ்நாட்டுப் பன்னீர் ரோஜா. திண்டுக்கல், நிலக்கோட்டைச் சந்தைகளில் கிலோ கணக்கில் கொட்டி விற்கப்படும் அந்த இளஞ்சிவப்புப் பூவை ஒரு முறை கூர்ந்து பார்க்க வேண்டும். காம்பு குட்டை. மொட்டு உருண்டை. விரிந்ததும் இதழ்கள் ஒழுங்கில்லாமல் குழைந்து நிற்கும். விடியலில் பறித்தது மாலைக்குள் தொட்டால் உதிரும். ஆனால் ஒரு கைப்பிடி இதழ் இருந்தால் அறையே மணக்கும். மணம் டமாஸ்க் கொடுத்தது. ஆண்டு முழுவதும் பூக்கும் குணம் சீனம் கொடுத்தது. இரண்டு நிலங்கள் முதன்முதலில் கைகோத்த கட்டத்தை அப்படியே காட்டும் செடி, பூ மாலையில் கோக்கப்பட்டு நம் கோயில்களில் தினமும் சாத்தப்படுகிறது. ஊட்டிப் பூங்காவின் பெரும்பாலான ரகங்களுக்கு இது கொள்ளுப்பாட்டி முறை.

## 1867: எல்லைக்கோடு

இரண்டையும் கலப்பது எளிதாகத் தோன்றலாம். வழியில் இரண்டு தடைகள் இருந்தன.

1. தொடர்ந்து பூக்கும் குணம் ஓர் ஒடுங்கு பண்பு. தடுப்பு மரபணுவின் நல்ல பிரதி ஒன்று இருந்தாலும் அது வேலை செய்யும். ஆகவே சீன ரோஜாவையும் ஐரோப்பிய ரோஜாவையும் கலந்து பெற்ற முதல் தலைமுறை ஆண்டுக்கு ஒரு முறைதான் பூத்தது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று அங்கேயே நிறுத்தியவர்கள் தோற்றார்கள். அந்தப் பிள்ளைகளை மீண்டும் சீன ரோஜாவோடு கலந்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகளில் பலன் கிடைத்தது.

2. குரோமோசோம் எண்ணிக்கை பொருந்தவில்லை. பழைய ஐரோப்பிய ரோஜாக்கள் பெரும்பாலும் 28 குரோமோசோம் கொண்ட நான்மயச் செடிகள், அதாவது நான்கு தொகுதி உடையவை. சீன ரோஜாக்கள் 14 கொண்ட இருமயச் செடிகள், அதாவது இரண்டு தொகுதி உடையவை. பெற்றோர் ஒவ்வொன்றும் தன்னுடையதில் பாதியைக் கொடுப்பதால் பிள்ளைக்கு 21 வரும். அதைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது என்பதால் அது பெரும்பாலும் மலடாகவே இருக்கும். எப்போதாவது குரோமோசோம் பாதியாகாமல் முழுதாக மகரந்தத்தில் இறங்கும் தற்செயலால்தான் வம்சம் தொடர்ந்தது.

அன்றைய வளர்ப்பாளர்களுக்கு மரபணு என்ற சொல்லே தெரியாது. ஆயிரக்கணக்கில் விதைத்து, பூக்கும்வரை பொறுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எரிப்பது ஒன்றே அவர்கள் அறிந்த வழி. அந்தப் பொறுமையில் பிறந்தவைதான் 1830களில் வந்த ஹைப்ரிட் பெர்பெச்சுவல்கள். லாஃபே என்ற பிரெஞ்சு வளர்ப்பாளர் இவ்வகுப்பின் முன்னோடி. பெரிய பூ, நல்ல மணம், கோடையில் ஒரு பெரும் பூப்பு, பிறகு ஆங்காங்கே சில பூக்கள் என்பது அவற்றின் இயல்பு.

1867இல் லியோன் நகரின் ஜான் பாப்திஸ்த் கியோ, லா பிரான்ஸ் என்ற வெள்ளியொளிரும் இளஞ்சிவப்பு ரோஜாவை வெளியிட்டார். ஹைப்ரிட் பெர்பெச்சுவலின் திடமான உடலும், டீ ரோஜாவின் கூர்மொட்டும் தொடர் பூப்பும் அதில் சேர்ந்திருந்தன. இதுவே முதல் ஹைப்ரிட் டீ எனக் கொள்ளப்படுகிறது. நவீன ரோஜாவின் தொடக்கமும் இங்கிருந்தே கணக்கிடப்படுகிறது.

இந்த எல்லைக்கோட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 1867க்கு முன் பிறந்த ரகம் பழையது, பின் பிறந்த ரகம் புதியது என்பது விதியன்று. 1867க்கு முன்பே இருந்த வகுப்பைச் சேர்ந்தது பழைய ரோஜா. பின்னர் தோன்றிய வகுப்பைச் சேர்ந்தது நவீன ரோஜா. ஆகவே 1900இல் வெளியான ஒரு டீ ரோஜா பழைய ரோஜாவே. அதே ஆண்டு வெளியான ஹைப்ரிட் டீ நவீன ரோஜா. எண்ண வேண்டியது வகுப்பின் வயது.

லா பிரான்ஸ் ஏறக்குறைய மலடு. ஒற்றைச் செடியாக நின்றுபோயிருக்க வேண்டிய அதை ஒரு பாதையாக மாற்றியவர் ஹென்றி பென்னட் என்ற ஆங்கிலேயர். மாடு வளர்ப்பில் தாய், தந்தை இரண்டையும் தேர்ந்தெடுத்து வம்சாவளி எழுதிவைக்கும் வழக்கத்தை அவர் ரோஜாவுக்குக் கொண்டுவந்தார். அதுவரை பெரும்பாலோர் தேனீக்கள் கலந்ததில் விளைந்த காய்களைப் பொறுக்கி விதைத்தவர்கள். பென்னட் கண்ணாடி வீட்டில், மொட்டு விரியும் முன்பே மகரந்தத் தாள்களை நீக்கி, தாம் விரும்பிய தந்தையின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, பெயர் எழுதிக் கட்டிவைத்தார். 1879இல் தம் வம்சாவளி ரோஜாக்களை வெளியிட்டார். அடுத்த ஆண்டு லியோன் தோட்டக்கலைச் சங்கம் ஹைப்ரிட் டீ என்ற வகுப்புப் பெயரை ஏற்றது. என் கணிப்பில், நவீன ரோஜாவின் உண்மையான தந்தை இவரே.

## மஞ்சளுக்குக் கொடுத்த விலை

அப்போதும் அடர் மஞ்சள் ரோஜா கிடையாது. பார்க்ஸ் ரோஜாவின் மஞ்சள், வெயில் பட்டதும் வெளுத்துவிடும். பாரசீகத்திலிருந்து வந்த ஃபெட்டிடா ரோஜாவில் மட்டும் சாயாத மஞ்சள் இருந்தது. ஆனால் அது கலப்புக்கு இணங்காத செடி. லியோனின் ஜோசப் பெர்னே துஷே பல ஆண்டுகள் முயன்று, 1900இல் சோலெய் தோர் என்ற ரோஜாவை வெளியிட்டார். பொன்னிறச் சூரியன் என்பது பெயரின் பொருள். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு, இருநிற ரோஜாக்கள் பெரும்பாலும் இந்த ஒற்றை வாயிலின் வழியே வந்தவை.

அதே வாயிலின் வழியே ஒரு நோயும் நுழைந்தது. ஃபெட்டிடாவின் இலைகளுக்குக் கரும்புள்ளி நோயைத் தாங்கும் திறன் குறைவு. நிறத்தைத் தேடி அதன் சந்ததிகளையே திரும்பத் திரும்பக் கலந்ததில் அந்தப் பலவீனம் வகுப்பு முழுவதும் பரவியது. மழைக்காலத்தில் மலைத்தோட்டங்களில் ரோஜா இலைகள் கறுத்த வட்டங்களோடு மஞ்சளடித்து உதிர்வதற்கும், பூங்காக்கள் பூஞ்சைக்கொல்லி தெளித்துக்கொண்டே இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

மற்ற வகுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொத்தாகச் சிறு பூக்கள் பூக்கும் பாலியாந்தாவை 1875இல் கியோவே வெளியிட்டார். அதை டென்மார்க்கின் போல்சன் குடும்பத்தினர் ஹைப்ரிட் டீயோடு கலந்ததில் புளோரிபண்டா வந்தது. ஒரு காம்புக்கு ஒரு பெரிய பூ ஹைப்ரிட் டீயின் அடையாளம். ஒரு காம்புக்குக் கொத்துப் பூ புளோரிபண்டாவின் அடையாளம். 1954இல் வந்த குயின் எலிசபெத், இரண்டுக்கும் இடைப்பட்ட கிராண்டிஃபுளோரா வகுப்பைத் தொடங்கியது. நடுவே, 1935இல் பிரான்சின் ஃபிரான்சிஸ் மெயான் செய்த கலப்பில் பிறந்து, போருக்கு முன் பல நாடுகளுக்கு ஒட்டுக் கண்களாக அனுப்பப்பட்டு, 1945இல் அமெரிக்காவில் பீஸ் என்ற பெயரில் வெளியான மஞ்சள் ரோஜா, அந்த நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற ரகமாயிற்று. அதற்குப் பின் வந்த பல்லாயிரம் ரகங்களின் வம்சாவளியில் அது இருக்கிறது.

## கறுப்பு, பச்சை, நீலம்

ஊட்டிப் பூங்காவைப் பற்றிய குறிப்புகளில் கறுப்பு ரோஜாவும் பச்சை ரோஜாவும் தனியாகச் சொல்லப்படுகின்றன. கறுப்பு என்பது மிக அடர்ந்த சிவப்பே; இதழின் மேற்பரப்பு வெல்வெட் போன்றிருப்பதால் நிழலில் கறுத்துத் தெரிகிறது. பச்சை ரோஜா வேறு விதமானது. சீன ரோஜாவில் ஏற்பட்ட திடீர் மாற்றம் அது. அல்லி இதழ்கள் வரவேண்டிய இடத்தில் அடுக்கடுக்காகப் புல்லி இதழ்களே வருகின்றன. கையில் எடுத்தால் பூவின் மென்மை இராது. ஓரங்களில் பல் பல்லாக, முற்றும்போது செம்பழுப்பேறும் இலைக்கொத்துபோல இருக்கும். ஒரு மலரின் ஒவ்வொரு உறுப்பும் உருமாறிய இலையே என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செடி அரிது.

நீல ரோஜா எதுவும் இயற்கைக் கலப்பால் வராது. நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமியை ரோஜாவால் உண்டாக்க முடியாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சி மலரின் மரபணுவைச் செருகி உருவாக்கிய ரோஜா 2009இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கண்ணுக்கு அதுவும் ஊதாவாகத்தான் தெரிகிறது.

## பொதுப் பூங்காவின் வேலை

ஒரு ரகம் என்பது ஒற்றைச் செடியின் துண்டுகள் என்று பார்த்தோம். அதன் விளைவு கடுமையானது. யாரும் ஒட்டுக் கட்டாமல் விட்டால் அந்த ரகம் அழிந்துவிடும். விதையிலிருந்து மீட்க வழியில்லை. நாற்றுப்பண்ணைகள் விற்பனையாகும் ரகங்களை மட்டுமே பெருக்கும். விற்காதவற்றைக் காப்பது பூங்காக்களின் பொறுப்பு. இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜூல் கிராவெரோ. பாரிசுக்கு அருகே லாய் என்ற சிற்றூரில் 1890களில் அவர் தொடங்கிய தொகுப்பால் அவ்வூரின் பெயரோடு ரோஜாவும் சேர்ந்தது. ஜெர்மனியின் சாங்கர்ஹௌசன் பூங்கா 1903இல் திறக்கப்பட்டு இன்று எட்டாயிரத்துக்கு மேற்பட்ட ரகங்களைக் காக்கிறது. முதல் உலகப்போரில் ஐரோப்பிய ரகங்கள் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில், அவற்றுக்கு அடைக்கலமாக அமெரிக்காவின் போர்ட்லாந்து பூங்கா 1917இல் உருவானது.

இந்தக் காப்பு இன்று ஏன் தேவை என்பதற்கு மணமே சான்று. ரோஜாவின் மணத்துக்கு முக்கியமான ஜெரானியால் என்ற வேதிப்பொருள் உருவாவதில் ஒரு குறிப்பிட்ட நொதிக்குப் பங்குண்டு என்பது 2015இல் தெரியவந்தது. மணமற்ற ரகங்களில் அதன் செயல்பாடு மிகக் குறைவு. பறித்தபின் பல நாள் வாடாமல், பெட்டியில் அடுக்கினால் நசுங்காமல் இருக்கும் ரகங்களைத் தேடித் தேர்ந்ததில், ஓசூர்ப் பசுமைக்குடில்களிலிருந்து வெளிநாடு செல்லும் நீண்ட காம்புச் சிவப்பு ரோஜா போன்றவை பெரும்பாலும் மணத்தை இழந்துவிட்டன. மணத்தை மீட்க விரும்பும் வளர்ப்பாளருக்குப் பழைய ரகங்கள் உயிரோடு வேண்டும். இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் 1961 முதல் பழைய ரோஜாக்களை நவீன ரோஜாக்களோடு மீண்டும் கலந்து வெளியிட்ட ரகங்கள் அப்படிப்பட்ட தொகுப்புகள் இருந்ததாலேயே சாத்தியமாயின.

நம் நாட்டுக்கு இன்னொரு தேவையும் உண்டு. நவீன ரோஜா ஐரோப்பியக் குளிரில் உருவானது. சமவெளி வெயிலில் தளர்கிறது. வேளாண் அறிவியலாளர் பி. பி. பால் டெல்லியில் இந்தியச் சூழலுக்கென ரகங்களை உருவாக்கினார். ஆட்சிப் பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவன், மனைவி கிரிஜாவுடன், மணிப்பூரின் ஜைகான்டியாவையும், நீர்நிலை ஓரங்களில் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கி வளரும் கிளினோஃபில்லா என்ற இந்தியக் காட்டு ரோஜாவையும் கொண்டு, வெப்ப நாடுகளுக்கான புதிய வம்சத்தைப் பல பத்தாண்டுகளாக வளர்த்துவந்திருக்கிறார். அவருடைய ரகம் ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஈ. கே. ஜானகி அம்மாளின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஊட்டியின் பாத்திகளில் இத்தகைய இந்திய ரகங்களுக்கும் அவற்றின் காட்டு மூதாதையருக்கும் தனி அடுக்கு ஒதுக்குவது, இன்னும் ஐந்நூறு வெளிநாட்டு ரகங்களைச் சேர்ப்பதைவிடப் பயனுள்ளது.

## பெயர்ப்பலகையும் வேர்ச்செடியும்

இறுதியாக, வீட்டுத் தோட்டத்தார் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: மஞ்சள் ரோஜா என்று வாங்கிய செடி இரண்டு ஆண்டில் இளஞ்சிவப்பாக மாறிவிட்டதே, ஏன்? பூ நிறம் மாறவில்லை, செடியே மாறிவிட்டது. விற்கப்படும் ரோஜாக்களில் பெரும்பாலானவை, வேறொரு உறுதியான வேர்ச்செடியின் மேல் ஒட்டப்பட்டவை. மேலே ஒட்டிய ரகம் நோயிலோ நீரின்றியோ பட்டுப்போனால், ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடி தன் தளிரை விடுகிறது. அதை உடனே நீக்காவிட்டால் சில மாதங்களில் அதுவே செடியாகிவிடும். கண்டுபிடிப்பது எளிது: தண்டின் அடியில் முடிச்சுபோலப் புடைத்திருக்கும் ஒட்டுப் பகுதிக்குக் கீழிருந்து கிளம்பி, இலையின் வடிவிலும் முள்ளின் அமைப்பிலும் மற்றக் கிளைகளிலிருந்து வேறுபட்டு நிற்கும் கிளையே அது. அதைத் தண்டோடு ஒட்டிய இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் இரண்டு மடங்காகக் கிளைக்கும்.

பல்லாயிரம் செடிகள் உள்ள பூங்காவிலும் இது நடக்கக்கூடியதே. பலகையில் ஒரு ரகத்தின் பெயரும், மண்ணில் வேர்ச்செடியின் பூவுமாக இருந்தால் எண்ணிக்கைப் பட்டியலுக்குப் பொருளில்லை. அதனால்தான் கவாத்துக் காலத்தில் ஒவ்வொரு செடியின் அடித்தண்டையும் சோதித்துப் பலகையோடு ஒப்பிடுவது, வெட்டுவதற்கு இணையான வேலை. இந்தியாவில் வேர்ச்செடியாகப் பயன்படுத்தப்படுபவற்றுள் எட்வர்டும் ஒன்று. ஹைப்ரிட் டீயின் பெயர்ப்பலகைக்கு மேலே குட்டைக் காம்பில், குழைந்த இதழ்களோடு ஓர் இளஞ்சிவப்புப் பூ மணம் வீசி நின்றால், அது கீழிருந்து எழுந்துவந்த பன்னீர் ரோஜாவாக இருக்கலாம்.